பத்தடி ஆழத்தில் ஒரு பொய்

மட்டாஞ்சேரியிலிருந்து கப்பலேறி லட்சத்தீவுக்குப் போனதே கடலுக்குள் பவளப்பாறையைப் பார்க்கத்தான். எல்லோரும் 'இக்கா' (அண்ணன்) என்று கூப்பிடும் ஸ்கூபா பயிற்சியாளர், "தண்ணிக்குள்ள காது வலிச்சா உள்ளங்கையை இப்படி ஆட்டணும், மோளே" என்று மகளிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"வீடியோல எல்லாம் பார்த்தாச்சு இக்கா."

பத்தடி ஆழத்தில் காதுக்குள் ஊசி குத்தியது. சொன்னால் மேலே ஏற்றிவிடுவாரோ என்ற பயத்தில், எல்லாம் சரி என்று விரலை வளைத்துக் காட்டினேன். அவர் நம்பவில்லை. என் கண்ணையே பார்த்தபடி காத்திருந்தார். வேறு வழியின்றிக் கையை ஆட்டினேன்.

என்னைச் சற்று மேலே கொண்டுவந்து, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதச் சொல்லிச் சைகை காட்டினார். காது படக்கென்று திறந்தது. மறுபடி இறங்கினோம். கைக்கெட்டும் தூரத்தில் பவளம், அதன் இடுக்கெல்லாம் மஞ்சள் மீன்கள்.

படகில் இக்கா சிரித்தார். "இத்தனை வீடியோ பார்த்தும் கை ஆட்ட மட்டும் படிச்சில்லே?"

வலிக்கிறது என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் என்னால் அடிவரை போக முடிந்தது. இப்போதெல்லாம் வகுப்பில் ஏதாவது புரியாவிட்டால் என் கைதான் முதலில் எழுகிறது.