தன் சான்றிதழைத் தானே திருத்திய டாக்டர்

சென்ற வியாழக்கிழமை காலை, நெய்க்காரப்பட்டியிலிருந்து வெல்லம் ஏற்றி வந்த லாரி ஒன்று திண்டுக்கல்லில் எங்கள் தொழிற்சங்க அறை வாசலில் நின்றது. டிரைவர் இறங்கவில்லை. ஓய்வு பெற்று அந்த ஊரில் இருந்த டாக்டர் செல்லமுத்து செவ்வாய்க்கிழமை மாரடைப்பில் இறந்துவிட்டார், புதன்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னார். டாக்டரின் மனைவி எனக்குத் தகவல் சொல்லச் சொன்னாராம். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடிக்கவே அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மேஜைக்குத் திரும்பி வந்தேன். எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை அன்று முழுவதும் முடிக்க முடியவில்லை.

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பிலோ நூல் மில்லிலோ வேலை செய்து அடிபட்டவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எவ்வளவு என்பதை முடிவு செய்வது டாக்டர் எழுதும் ஓர் எண். உடம்பில் நிரந்தரமாகப் போனது நூற்றுக்கு எத்தனை, அதனால் சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்று அவர் எழுத வேண்டும். பதினைந்து ஆண்டுகள் நம் ஊரில் அந்த எண்ணைப் பெரும்பாலும் எழுதியவர் அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் செல்லமுத்துதான்.

எங்கள் முதல் சந்திப்பு நல்லபடியாக அமையவில்லை. நான் அப்போதுதான் தோல் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளராகியிருந்தேன். குஜிலியம்பாறைப் பக்கம் மழை பொய்த்து, நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு இங்கே தோல் ஷாப்பில் வேலைக்கு வந்த கருப்பன் என்பவருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிப் போயின. தோளைக்கூட உயர்த்த முடியவில்லை என்று சொல்லும்படி நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்து அழைத்துப் போனேன். அவரும் அப்படியே சொன்னார். டாக்டர் மறுத்துப் பேசவில்லை. ஊரில் சோளம் விதைத்தார்களா, கிணற்றில் தண்ணீர் எத்தனை ஆழத்தில் கிடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். கருப்பன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

டாக்டர் என்னைத்தான் பார்த்தார். "ஏனுங்க பாய், இல்லாத நோவைச் சொல்லிக் குடுத்தீங்கன்னா, நாளைக்கு இருக்கற நோவையும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க" என்றார். விரல்களுக்கு உரியதை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

அவமானம் எனக்குக் கோபமாக மாறியது. அடுத்த வாரம் ஷாப் வாசலில் நடந்த வாயிற்கூட்டத்தில் அவரை முதலாளிகளின் டாக்டர் என்று பேசினேன். கை தட்டினார்கள்.

பிறகு பல தடவை அவர் அறையில் உட்கார நேர்ந்தபோதுதான் அவர் வேலை செய்யும் விதத்தைக் கவனித்தேன். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதைப் பித்தளைக் கோணமானி ஒன்றை வைத்து அளப்பார். மூன்று முறை அளந்து, மூன்றையும் எழுதுவார். அதோடு விடமாட்டார். செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றச் சொல்வார், கயிற்றில் முடிச்சுப் போடச் சொல்வார். நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள், வேறு என்ன தெரியும் என்று கேட்பார். எந்தக் கூலியாளையும் அவர் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. பழனிப் பக்கத்துப் பேச்சில் எல்லாருக்கும் ஒரு 'ங்க' இருக்கும். ஒரு நாள் சொன்னார்: "வெரலை அளக்கறது சுலபமுங்க. அந்த வெரல் செஞ்ச வேலையை அளக்கறதுதான் சிரமம்."

இப்போது காதர் பாய் கதைக்கு வருகிறேன். அவர் தோல் பதனிட ஆவாரம்பட்டை அரைக்கும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். ஒரு நாள் வலது கை உள்ளே இழுக்கப்பட்டுவிட்டது. கை பிழைத்தது. ஐந்து விரல்களும் இருந்தன. சட்டத்தின் பட்டியலில் விரல் போனால் இவ்வளவு என்று இருக்கிறது. விரல் இருந்தும் உதவாமல் போனால் எவ்வளவு என்பது டாக்டரின் முடிவு. கட்டுப் பிரித்துப் புண் ஆறியதும் டாக்டர் செல்லமுத்து பார்த்தார். விறைப்பு பயிற்சியில் இளகிவிடும் என்று நம்பிச் சிறிய எண்ணாக எழுதினார். முதலாளி உடனே சம்மதித்தார். ஒப்பந்தம் எழுதி, காதர் பாய் இடது கைப் பெருவிரலை உருட்டினார். மதுரைக்கு முகாம் வரும் நஷ்டஈட்டுக் கமிஷனர் அதைப் பதிவு செய்ய வேண்டியதுதான் பாக்கி. பதிவாகிவிட்டால் பிறகு எதுவும் கேட்க முடியாது.

இதற்கிடையில் நம் ஊர்ப் பேகம்பூரில் ஒரு கல்யாணம். டாக்டரும் வந்திருந்தார். எங்கள் வழக்கப்படி நாலைந்து பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். காதர் பாய் மட்டும் எந்தத் தட்டிலும் உட்காரவில்லை. பந்தலுக்குப் பின்னால் அவர் மனைவி சோற்றைப் பிசைந்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். கை கழுவப் போன டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். அந்த அம்மாள் எழுந்து முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார். என்ன ஆயிற்று என்று டாக்டர் கேட்டார்.

"வெரல் மடங்க மாட்டேங்குது டாக்டரய்யா. எடது கையால திங்க மனசு வரல. அம்புட்டுத்தான்" என்றார் காதர் பாய்.

ஏன் வந்து சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்களே எழுதிக் கொடுத்த பிறகு என்ன சொல்வது என்று அவர் பதில் சொன்னார். டாக்டர் அங்கேயே, ஈரக் கையோடு, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

மறுநாள் காதர் பாயையும் என்னையும் வரச் சொன்னார். அளந்து முடித்ததும் கோணமானியை மேஜையில் வைத்தார். தழும்போடு தசைநாண்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன, இனி இந்தக் கை மூடாது என்று விளக்கினார். பிறகு சொன்னார்: "நான் அவசரப்பட்டுட்டேனுங்க. புண்ணு ஆறுனதைப் பார்த்தேன், கை தேறுச்சான்னு பாக்கலை."

அன்றே கமிஷனருக்குக் கடிதம் எழுதினார். விசாரணை நாளில் சொந்தச் செலவில் மதுரைக்கு வந்து சாட்சி சொன்னார். முதலாளியின் வக்கீல் திறமைசாலி. இரண்டு சான்றிதழ்களையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு எது பொய் என்று கேட்டார்.

"பொய் இல்லீங்க, தப்பு. மொதல்ல எழுதினது தப்பு. நான் எழுதினதுதான்."

தப்பாக எழுதும் டாக்டரை மன்றம் எப்படி நம்புவது என்று வக்கீல் கேட்டார். டாக்டர், "என்னை நம்ப வேண்டியதில்லீங்க. கை இங்கதான் இருக்குது. வேற டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

கமிஷனர் அப்படியே செய்தார். வேறொரு அறுவை மருத்துவர் பார்த்து, ஏறக்குறைய டாக்டர் செல்லமுத்துவின் இரண்டாவது எண்ணையே எழுதினார். பழைய ஒப்பந்தத்தைக் கமிஷனர் பதிவு செய்ய மறுத்துவிட்டார். காதர் பாய்க்கு நியாயமான தொகை கிடைத்தது. அதை வைத்துத்தான் அவர் பேகம்பூரில் விறகுக் கடை போட்டார். எடை போடுவதும் விற்பதும் அவர் மனைவி, வரவேற்பது அவர். டாக்டருக்கு வந்தது மேலதிகாரிகளிடமிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம். அந்த ஆண்டு அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. இதை அவர் சொல்லவில்லை. அவருடைய கம்பவுண்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாடிப்பட்டி தாண்டும் வரை தயங்கிவிட்டு, வாயிற்கூட்டத்தில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "அன்னிக்கு நானும் கடைசியில நின்னு கேட்டேனுங்க பாய். மைக் சரியில்லை, பாதிதான் கேட்டுச்சு" என்றார். மீதியைச் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிப்போனார்.

அன்றைக்குப் பிறகு அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். சான்றிதழ் எழுதிய ஒவ்வொருவரையும் சில மாதம் கழித்து, ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லாமல், தானே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். "ஆஸ்பத்திரியில எல்லாரும் பரீட்சை எழுதறாங்க. வீட்டுலதான் உண்மையா இருக்காங்க" என்பார்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகு அந்த வீடுகளுக்கு நான் போகிறேன். அவர் இறந்த செய்தி வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, நூல் மில்லில் தோளில் அடிபட்ட ராக்கம்மாள் என்ற பெண்ணின் வீட்டுக்குப் போனேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் கணவர் சொன்னார். ராக்கம்மாளும் தலையாட்டினார். சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்து காட்டும்மா என்றேன். கை தோள் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அவர் தலையைக் குனிந்து கொண்டையைக் கையிடம் கொண்டுவரப் பார்த்தார்.

"எம்புட்டு நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"சர்டிபிகேட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனன்னைக்கும் இப்படித்தாண்ணே. யாரும் கேக்கல" என்றார்.

நான் பாயை விரிக்கச் சொல்லி உட்கார்ந்து, மறு பரிசோதனை கேட்டு மனு எழுதத் தொடங்கினேன்.