தேக்கு குடித்த தண்ணீர்

2023 மார்ச் 12, ஞாயிறு. எழுந்ததும் துளசிக்குத் தண்ணீர் ஊற்றினேன். வாரத்துக்கான சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள கடையில் தோசை சாப்பிட்டுவிட்டு, மனைவியோடு தெலுக் பங்லிமா காராங் பக்கத்து ஆற்றோரப் பட்டறைக்குக் கிளம்பினேன். அவள் தம்பியின் பாய்மரப் படகை அன்று தண்ணீரில் இறக்குவதாக இருந்தது.

சிறிய படகு. நாலு பேர் படுத்தால் நிறைந்துவிடும். இங்கிலாந்துக்காரர் ஒருவர் வரைந்தபடி ஹாங்காங்கில் தேக்கில் கட்டியது. என்னைவிட வயதில் மூத்தது. கேட்பாரற்றுக் கிடந்ததை மைத்துனன் வாங்கி, கிள்ளானில் வேலை முடிந்த மாலைகளிலெல்லாம் சுரண்டிப் பூசினான். முதன்முதலில் அதன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தது நினைவிருக்கிறது. ஒரு பலகைகூட நேராக இல்லை. எல்லாம் வளைந்து, ஒன்றையொன்று தொட்டபடி முனை வரை போயின. சற்று நேரம் கையை எடுக்கத் தோன்றவில்லை.

பூசி முடித்ததுமே இறக்கியிருக்கலாம். பத்துமலைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தான். அதை முடிக்காமல் இறக்க மனம் வரவில்லை. புதுக் காரைப்போலத் தார்ப்பாய் போட்டுத் தகரக் கூரையின் கீழ் வைத்தான். அவ்வப்போது தண்ணீர் அடிக்கும்படி பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே சொல்லியிருக்கிறார். வண்ணம் கெட்டுவிடும் என்று இவன் கேட்கவில்லை. காவடி முடிந்தும் கிரேன் கிடைக்க மாதம் தாண்டியது.

தேங்காய் உடைத்து, கிரேன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். படகு ஆற்றைத் தொட்டதுமே பலகை இடுக்குகளில் நீர் புகுந்தது. உள்ளே தரைப் பலகைகள் மிதந்தன. உடனே தூக்கிவிடும்படி தவுக்கே மலாயில் சத்தம் போட்டார். மூழ்கினால் மீன்பிடிப் படகுகளுக்கு வழி அடைபடும். அறுத்துத் தேக்காக விற்றுவிடுவேன் என்றார்.

மைத்துனன் என்னிடம்தான் சொன்னான். "காஞ்ச கட்டை மாமா. தண்ணி குடிச்சா உப்பிரும்லா. காலையில வரைக்கும் கேட்டுப் பாருங்க."

"நீ ஒரு மண்டலம் விரதம் இருந்தே, சரி. அதையும் சேத்து ஏன்டா பட்டினி போட்டே?" என்றாள் மனைவி.

என்ன சொல்கிறாள் என்று தவுக்கே கேட்டார். மலாயில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். கிரேனின் தூக்கு வாரைப் படகின் அடியிலேயே விட்டு, பம்பு ஒன்றையும் கொடுத்து, காலை வரை என்றார். மைத்துனன் படகோடு இருந்துகொண்டான். நாங்கள் கிள்ளானில் அவன் வீட்டில் தங்கினோம்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பட்டறைக்குப் போனோம். பம்பை விடியும்போதே நிறுத்திவிட்டானாம். திறந்து பார்க்கத்தான் அவனுக்குத் தைரியம் வரவில்லை. நான் இறங்கித் தரைப் பலகையைத் தூக்கி, அடிவரை கையை விட்டேன். புதிதாக ஓர் ஆணி அடிக்கவில்லை, பசை பூசவில்லை. மரம் தன்னைத் தானே மூடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை அவனிடம் காட்டினேன். லேசான ஈரம் மட்டும்தான்.