சாரத்தில் வரைந்த இரண்டு வாசல்கள்

ஊரில் என் கணவர் கெட்டிக்கார டாக்டர். நியூசிலாந்துக்கு வந்தபின், ஒக்லாந்தில் மறுபடி பரீட்சை பாஸ் பண்ணினால்தான் டாக்டர். அதுவரை பென்ரோஸில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினார். எண்பதுகளில் பலருக்கும் அதே கதிதான்.

எழுத்துப் பரீட்சையில் தேறியவர், நோயாளியைச் சோதித்துக் காட்டும் பரீட்சையில் கோட்டைவிட்டார். நோயாளிக்குக் குடலிறக்கம், கேள்வி கேட்டவர் ஒரு பெண் டாக்டர். பெண்ணுக்கு முன்னால் ஆணின் கவட்டைப் பற்றி எப்படிக் கதைப்பது என்று இந்த மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இனி ஒரேயொரு தடவைதான் அந்தப் பரீட்சைக்குத் தோற்றலாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “நானும் பொம்பிளைதான். ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்லுங்கோ,” என்றேன்.

ரானுயியில் நாங்கள் இருந்த வீட்டுக் குசினியில் நான் வெங்காயம் வெட்ட, அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின்மேல் சோக்கட்டியால் கோடு போடுவார். முதல் நாள் அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து அடிவயிற்றின் நடுவெலும்பு வரை ஒரு சாய்கோடு. அதன் நடுவுக்குச் சற்று மேலே உள்வாசல். நடுவெலும்புக்குப் பக்கத்தில் வெளிவாசல். இடையில், வயிற்றுச்சுவரின் தசை அடுக்குகளுக்குள் சரிந்து போகும் பாதை. வாசல்கள் நேருக்கு நேர் இருந்திருந்தால் ஒவ்வொரு இருமலுக்கும் குடல் எட்டிப் பார்த்திருக்குமாம். கடவுள் நல்ல மேசன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சாரத்து உள்வாசலை விரலால் அடைத்து, “இருமுங்கோ,” என்பார். நோயாளி நான்; அகப்பையும் கையுமாக இருமுவேன். வீக்கம் வராவிட்டால் குடல் அந்த வாசலால்தான் இறங்குகிறது. வந்தால் சுவரே பலவீனம்.

ஒருநாள் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். இவர் சோக்குக் கோலத்தோடு கதவைத் திறந்து, கேளாமலே அவருக்கும் முழுவதையும் விளக்கினார். அவர் தன் கணவரின் ஆபரேஷன் கதையைச் சொல்லித் தேநீரும் குடித்துவிட்டுத்தான் போனார். அன்றுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பரீட்சையில் அதே பெண் டாக்டர். இவர் அவர் முகத்தைப் பார்த்தே தடங்கலில்லாமல் சொன்னாராம். கடைசியில் விரலை வைத்து, பழக்கதோஷத்தில் நோயாளியிடம் தமிழிலேயே, “இருமுங்கோ,” என்றிருக்கிறார். அந்த வெள்ளைக்காரர் உடனே இருமினார். விரல் இருந்த இடம் அப்படி.

முடிவு தொலைபேசியில் வந்தது. ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“என்னப்பா, பாஸோ?”

“இருமுங்கோ,” என்றார், கண்ணெல்லாம் தண்ணீரும் முகமெல்லாம் சிரிப்புமாக.

நான் அழுதுகொண்டே இருமினேன்.