ஒரு கிலோ இருநூறு கிராம் லப்டொப்

1. கேட்டது

போர் நிறுத்தப்பட்டிருந்த சமாதான காலத்தில் கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் தரவு அலுவலராக வேலை செய்தேன். இடம்பெயர்ந்து திரும்பி வந்த குடும்பங்களிடம் போய், வீடு என்ன நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் யார் இல்லாமல் போனார்கள், கிணறு இருக்கிறதா என்று கேட்டு லப்டொப்பில் பதிய வேண்டும். அந்தப் பட்டியலை வைத்துத்தான் யாருக்கு வீடு கட்டுவது என்று கொழும்புத் தலைமையகம் முடிவெடுக்கும்.

என்னிடம் இருந்த பழைய லப்டொப் சார்ஜரோடு சேர்த்து நாலு கிலோ வரும். அதை முதுகில் கொழுவிக்கொண்டு மோட்டார்சைக்கிளில் துணுக்காய்ப் பக்கம் போய்வந்தால் பின்னேரம் தோள்மூட்டைத் தொட ஏலாது. ஆனால் அது உழைத்தது. புழுதி குடித்தது, குழிக்குள் விழுந்து எழும்பியது, வாகன பற்றரியில் இன்வேட்டர் கொழுவிச் சார்ஜ் பண்ணினாலும் முறைப்பாடு சொல்லவில்லை. கடைசியில் விசைப்பலகையில் எழுத்துகள் கழன்று விழத் தொடங்கியபோதுதான் புதிது கேட்டோம்.

கொழும்பில் கொள்வனவுக்குப் பொறுப்பாக இருந்தவர் மனோகரன். "களத்தில் இருப்பவர்களின் தேவையை எழுதி அனுப்புங்கள்" என்று அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்களை ஒருவர் கேட்கிறாரே என்ற சந்தோஷத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன்.

பற்றரி ஐந்து மணித்தியாலம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மேலதிகமாக இன்னொரு பற்றரி வேண்டும். ஏனென்றால் நான் போகிற ஊர்களில் மின்சாரம் இல்லை. வாகனத்தில் கொழுவும் பன்னிரண்டு வோல்ட் சார்ஜர் வேண்டும். வெளிச்சத்தில் திரை தெரிய வேண்டும். பழுதானால் கிளிநொச்சிக் கடையிலேயே திறந்து ஹாட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு மெஷினில் போட்டு வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால், எடை இரண்டு கிலோவுக்குள் அடங்கினால் நல்லது.

எடையை நான் கடைசியாகத்தான் எழுதினேன். அந்தப் பக்கத்தின் பிரதி கனகாலம் என்னிடம் இருந்தது.

2. வந்தது

மனோகரன் தானே கொண்டு வந்தார். ஓமந்தையில் இராணுவம், புலிகள் என்ற இரண்டு பக்கச் சோதனையும் கடந்து, குளிரூட்டிய வாகனத்தில், சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்து வெள்ளி நிறத்தில் ஒரு மெல்லிய சாமானை எடுத்து இரண்டு விரலில் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க மிஸ், ஒரு கிலோ இருநூறு கிராம்தான். நீங்க கேட்டதுதானே?"

"பற்றரி எவ்வளவு நேரம் நிக்கும் சேர்?"

"கம்பனி மூணு மணித்தியாலம்னு சொல்லுது."

"பெரிய பற்றரி ஒண்டும் இருக்குமே?"

"அதைப் போட்டா வெயிட் கூடிடும். பிறகு அல்ட்ராலைட் வாங்கி என்ன பிரயோசனம்?"

வாகன சார்ஜரைக் கேட்டேன். அவர் கையிலிருந்த கடதாசிக் கோவைக்குள்ளிருந்து நான் எழுதிய பக்கத்தை எடுத்துக் காட்டினார். பன்னிரண்டு வோல்ட் சார்ஜர் என்ற வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டி, பக்கத்தில் 'அவசியமில்லை' என்று எழுதியிருந்தது. மேலதிக பற்றரிக்கும் அதே வெட்டு. ஹாட் டிஸ்க் வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும். ஃபுளொப்பி, சீடி போடும் டிரைவ் இந்த மெஷினுக்கு வெளியே கொழுவ வேண்டியது. அது கொழும்பு ஸ்டோரில் பத்திரமாக இருக்கிறதாம்.

"எங்கட டிரெக்டரும் இதைத்தான் பாவிக்கிறார் மிஸ். பேங்கொக், ஜெனீவா எல்லா இடமும் கொண்டு போறார். எந்த எயார்போட்டிலயும் ப்ளக் இருக்கும். ஒரு கரைச்சலும் இல்ல."

"சேர், துணுக்காயில எயார்போட் இல்லை."

அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். எங்கள் அலுவலகப் பொறுப்பாளர் ஜெயம் அண்ணை, பேசாமல் இரு என்பதுபோல என்னைப் பார்த்தார். இனிக் கடதாசிப் படிவம் அச்சடிப்பதில்லை, நேரடியாக லப்டொப்பில்தான் பதிய வேண்டும் என்றும் மனோகரன் அறிவித்தார். பிறகு ஒரு தாளை நீட்டினார். 'பொருள் பெறப்பட்டது. களப் பாவனைக்குப் பொருத்தமானது' என்று இருந்தது. நான் அந்த மெஷினை ஒரு நாள்கூடப் பாவித்துப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

3. துணுக்காய்

துணுக்காயில் மூன்று நாள் தங்கிப் பதிவதாக ஏற்பாடு. கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் மேசை போட்டார்கள். சனம் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டது.

ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரை தெரியாமல் பிரகாசத்தை முழுவதும் கூட்டினேன். ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் போனது. பற்றரி முடிந்தது. சங்கத்து ஜெனரேற்றரை இயக்கிச் சார்ஜில் போட்டால், நிரம்ப இரண்டரை மணித்தியாலம். அதுவரை கைப்பிள்ளைக்காரிகளும் வயதானவர்களும் வெளியே வேம்பின் கீழ் குந்தியிருந்தார்கள். மூன்று நாளும் இதுதான் கதை. அவர்கள் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஜெனரேற்றர் ஒருமுறை உறுமிவிட்டு வேகமெடுத்தது. சார்ஜரிலிருந்து மெல்லிய புகை வந்தது. ஓடிப்போய்க் கழற்றினேன். சார்ஜர் கருகிவிட்டது. பற்றரியில் ஒன்றும் மிச்சமில்லை, திரை அணைந்தது. அறுபத்து மூன்று குடும்பங்களின் விபரம் அதற்குள்.

கிளிநொச்சிக்குத் திரும்பிக் கொழும்புக்கு அழைத்தேன்.

மனோகரன் சொன்னார், "அந்த சார்ஜர் இங்க இல்ல மிஸ். சிங்கப்பூர்ல இருந்து வரணும். மூணு கிழமை எடுக்கும்."

"திங்கட்கிழமை பட்டியல் அனுப்பவேணும் சேர். அதுதானே கடைசி நாள்?"

"பேக்கப் எடுக்கலையா நீங்க?"

எதில் எடுப்பது? அலுவலகம் முழுவதற்கும் ஒரேயொரு பென் டிரைவ். அது கணக்குப் பிரிவின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. வெளியே கொழுவும் டிரைவ் அவருடைய ஸ்டோரில். இதையெல்லாம் சொல்ல வாய் திறந்தேன். அவர் கூட்டம் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.

கொம்பியூட்டர் திருத்தும் ரஞ்சனிடம் கொண்டு போனேன். அவர் சின்னச் சின்ன ஆணிகளைக் கழற்றித் திறந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இது சின்ன டிஸ்க் அக்கா. இப்பிடி ஒரு முனை நான் கண்டதேயில்லை. வேற மெஷினில கொழுவேலாது. வேற சார்ஜர் குடுத்துப் பாக்கலாம், ஆனா எரிஞ்சுதெண்டா உள்ளுக்குக் கிடக்கிறதும் போயிடும்."

அன்று வியாழக்கிழமை. ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு மறுநாள் திரும்பத் துணுக்காய்க்குப் போனேன். இந்த முறை வீடு வீடாக. செல்வமலர் அக்காவின் கொட்டில்தான் முதலில். தறப்பாள் கூரை, மண்சுவர் அரை மட்டத்துக்கு. இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தா.

"என்ன பிள்ளை, செவ்வாய்க்கிழமைதானே எழுதினனீங்கள்?"

"மெஷின் பழுதாப் போச்சு அக்கா."

"அப்ப எங்கட பேர்?"

"அதுக்குள்ளதான் இருக்கு. எடுக்கேலாமல் கிடக்கு."

அவா ஒரு பலகையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னா. புருஷன் செத்த வருஷம், செத்த இடம், எந்த இடப்பெயர்வில் மூத்த மகன் காணாமல் போனான், அப்போது அவனுக்கு என்ன வயது. செவ்வாய்க்கிழமை அழுதழுது சொன்ன அத்தனையையும் திரும்பச் சொன்னா. இந்த முறை அழவில்லை. கடையில் சாமான் பெயர் சொல்வதுபோலச் சொன்னா. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு எழுதியபோது எனக்கு மனோகரனின் இரண்டு விரல்களும் கண்ணுக்குள் வந்தன. கொப்பியைச் சுருட்டி எறிய வேண்டும் போலிருந்தது.

ஞாயிறு பின்னேரம் வரை அலைந்தும் நாற்பத்தொரு குடும்பம்தான் கிடைத்தது. மற்றவர்கள் நெல் அரிவு வெட்டுக்கு வேறு ஊர்களுக்குப் போயிருந்தார்கள். திங்கட்கிழமை இருந்ததை அனுப்பினேன். முழுமையில்லாத பட்டியலை ஏற்க முடியாது, அந்தப் பகுதியை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளியிருக்கிறோம் என்று பதில் வந்தது. நாற்பத்தொரு குடும்பமும் சேர்த்து. செல்வமலர் அக்காவும் சேர்த்து.

4. தெரிவு

அடுத்த மாதம் கொழும்பில் டிரெக்டர் தலைமையில் மீளாய்வுக் கூட்டம். மனோகரன் திரையில் ஒரு படம் போட்டார். துணுக்காய் தாமதத்துக்குக் காரணம் என்று அதில் ஒரு வரி: 'களப் பாவனையாளர் பேக்கப் நடைமுறையைப் பின்பற்றவில்லை.'

நான் எழும்பினேன். அதற்கு முன் எந்தக் கூட்டத்திலும் நான் வாய் திறந்ததில்லை.

"சேர், நான் எழுதினதில பற்றரியை வெட்டினது ஆர்? சார்ஜரை வெட்டினது ஆர்? டிரைவை ஸ்டோரில வைச்சுப் பூட்டினது ஆர்? நான் ஐஞ்சு விஷயம் கேட்டன். நீங்கள் ஒண்டைத்தான் வாங்கினீங்கள். அதுவும் உங்கட டிரெக்டருக்குப் பிடிச்சதை. அந்தச் சனம் செத்தவையின்ர பேரை ரெண்டாந்தரம் சொல்லிச்சுது. இதையும் அந்தத் திரையில எழுதுங்கோ."

ஜெயம் அண்ணை என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. டிரெக்டர் கடைசியில், "அடுத்ததை நீங்களே போய்ப் பார்த்து வாங்குங்கள்" என்றார். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை.

மறுநாளே கொழும்பில் கடை ஏறி இறங்கினேன். முதல் இரண்டு கடைகளிலும் எடையைத்தான் சொன்னார்கள். "முழுச் சார்ஜ் ஏத்தித் தாங்கோ. வெளிச்சத்தை முழுசாக் கூட்டி, பற்றரி முடியுமட்டும் இதில இருந்து பாக்கப்போறன்" என்றேன். சிரித்தார்கள், மறுத்தார்கள். மூன்றாவது கடைக்காரர், ஐம்பது வயதிருக்கும், சிரிக்கவில்லை.

"எங்க கொண்டு போறீங்க?"

"வன்னிக்கு. மோட்டார்சைக்கிளில."

அவர் கதிரையைத் தூக்கி வெயில் விழும் வாசல் பக்கம் போட்டார். "அப்ப இங்க இருந்து பாருங்க. உள்ளுக்குப் பார்த்து வேலை இல்ல" என்று தேத்தண்ணியும் கொடுத்தார். நான் அதில் பழைய படிவங்களைத் தட்டிக்கொண்டே இருந்தேன். கறுப்பு நிறம், தடிப்பான, பார்க்க வடிவில்லாத ஒரு மெஷின். ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். நாலு மணித்தியாலமும் ஐம்பது நிமிடமும் நின்றது. பின்பக்கம் இரண்டு ஆணியைக் கழற்றினால் சாதாரண ஹாட் டிஸ்க். வாகன சார்ஜரைத் தன்னுடைய வான் வண்டியிலேயே கொழுவிக் காட்டினார். மேலதிக பற்றரியும் அதோடு வாங்கினேன்.

அந்த மெஷினோடு வற்றாப்பளை, கனகராயன்குளம், முல்லைத்தீவுக் கரை என்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடினேன். ஒரு குடும்பத்தின் பெயரைக்கூட அது தொலைக்கவில்லை.

5. இரண்டாம் கட்டம்

இரண்டாம் கட்டம் வரவில்லை. முதலில் நிதி தாமதம் என்றார்கள். பிறகு மீண்டும் சண்டை தொடங்கியது, வன்னிக்கு வரும் பாதை பூட்டப்பட்டது, திட்டம் நின்றது. 'தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டுள்ளது' என்று மக்களுக்கு அறிவிக்கும்படி கடிதம் வந்தது. கொண்டுபோய்ச் சொன்னது நான்தான்.

செல்வமலர் அக்கா முற்றத்தில் நின்றா. அதே தறப்பாள், இப்போது நாலு இடத்தில் ஒட்டுப்போட்டிருந்தது. நான் தோள்பையைக் கழற்றியதைக் கண்டதும் கேட்டா:

"என்ன பிள்ளை, மூண்டாந்தரமும் பேர் எழுதவோ வந்தனீங்கள்?"

கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டு வந்தேன்.

இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகள் எந்த லப்டொப் நல்லது என்று என்னிடம் கேட்கிறார்கள். மொடல் பெயர் சொல்ல எனக்குத் தெரியாது, அது வருஷத்துக்கு வருஷம் மாறும். நீங்கள் போகிற இடத்தில் கரண்ட் இருக்கிறதா, பழுதானால் யார் திறப்பார், உள்ளே இருப்பதை எப்படி வெளியே எடுப்பீர்கள் என்று முதலில் பாருங்கள். எத்தனை கிராம் என்பதை அதற்குப் பிறகு பாருங்கள். நீங்கள் கேட்டதை வெட்டிவிட்டு ஒருவர் வேறொன்றை வாங்கித் தந்தால், அது எவ்வளவு வடிவாக இருந்தாலும், அந்த இடத்திலேயே, அவருடைய முகத்துக்கு முன்னாலேயே வேண்டாம் என்று சொல்லுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். நான் மரியாதை பார்த்ததற்கு அறுபத்து மூன்று குடும்பங்கள் மழையில் இருந்தன.