சிவக்காத பிரேம்

என் மச்சினனை நான் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கைநீட்டி அடித்திருக்கிறேன். அதுவும் ஒரு சைக்கிளுக்காக.

அவன் என் வீட்டுக்காரியின் தம்பி. டவுன் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன். வயிற்றைக் குறைக்கிறேன் என்று வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கினான். ரேஸ் சைக்கிளிலேயே கடைசித் தரம், பழகுகிறவர்கள் வாங்குவது. தினமும் விடிந்ததும் திண்டுக்கல்லில் ஏறினால் வடமதுரை போய்த்தான் திரும்புவான். ஒருநாள் ஓரமாக நின்ற வேன்காரன் பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டான். கதவின் விளிம்பு இவன் தோளைப் பிளந்தது. சைக்கிள் பறந்துபோய் மைல்கல்லில் அடித்தது. நான்தான் போய் அள்ளிக்கொண்டு வந்தேன். என் வேட்டியைப் பிழிந்தால் ரத்தம் சொட்டியது.

தோள் கூடிவிட்டது. ஆள்தான் பழைய ஆளாகவில்லை. மூன்று வருஷம் தெருமுக்கைத் தாண்டவில்லை. அப்படிப்பட்டவன் போன மாசம் அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்து, சைக்கிள் கிடந்த பரணைப் பார்த்தபடி கேட்டான்.

"மச்சான், அந்தச் சைக்கிளு தேறுமா, இல்ல எடைக்குப் போட்ரவா? ரோட்டுல இறங்குனா அதுலதான் இறங்குவேன். இல்லன்னா இப்படியே கெடக்கேன்."

என்னிடம் கேட்கிற கேள்வியா இது? அஞ்சாம் கிளாஸ் தாண்டாதவன் நான். பதினோரு வயதில் பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தேன். இன்றைக்கு எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். நான் செய்த பூட்டை உடைக்க வந்த திருடன் கதவை உடைத்துக்கொண்டு போயிருக்கிறானே தவிர, பூட்டு அசைந்ததில்லை.

சைக்கிளை இறக்கினோம். செயின் துருப்பிடித்துக் கட்டையாகிக் கிடந்தது. உளி வைத்து வெட்டினேன். பெடல் திருகவே வரவில்லை. நாலு போடு போட்டுக் கழற்றினேன். டயர் கையோடு உதிர்ந்தது. அதெல்லாம் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். பிரேமில் பின்சக்கரத்தைப் பிடிக்கிற கம்பியில் ஒன்று உள்பக்கமாக மடங்கியிருந்ததே, அதுதான் விஷயம்.

"அடிபட்டப்பவே சைக்கிள் கடைக்காரர் வந்து பாத்துட்டாரு மச்சான். மத்ததுக்குச் செலவழிக்கலாமாம். அந்தக் கம்பிய மட்டும் கொஞ்சங் கொஞ்சமா நிமித்திப் பாக்கணுமாம். நெருப்பு காட்டவே கூடாதுன்னாரு."

"ஏன்டா மாப்ள, பஞ்சர் ஒட்டுறவன் எனக்கு நெருப்பு சொல்லித் தாரானா?"

"அதில்ல மச்சான், அது அலுமினியமாம்..."

"என்ன எழவா இருந்தா என்ன? காய்ச்சுனா வளையாத உலோகம் உண்டா?"

சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் கழற்றி வைத்துவிட்டு, பிரேமை வைசில் கவ்வி முறுக்கினேன். கேஸ் டார்ச்சைப் பற்ற வைத்து அந்தக் கம்பியில் பிடித்தேன். எங்கள் வேலையில் நெருப்பைக் கண்ணால்தான் அளப்போம். இரும்பு முதலில் கறுக்கும், அப்புறம் செம்பருத்தி மாதிரிச் சிவக்கும். அந்த நேரத்தில் தட்டினால் சொன்னபடி கேட்கும். ஐம்பத்தைந்து வருஷமாக அந்தச் சிவப்புக்குக் காத்திருந்தே பழகின கண் இது. அன்றைக்கும் காத்திருந்தேன். பெயிண்ட் பொரிந்து எரிந்தது. சிவக்கவில்லை. இன்னும் நெருக்கிப் பிடித்தேன். சிவக்கவே இல்லை. செத்த நேரத்தில், நிறம்கூட மாறாமல், கம்பி பொத்தென்று ஒடிந்து உருகித் தரையில் கொட்டியது. ஒரு துளி என் புறங்கையில் விழுந்து தோலைத் தின்றது. வலியில் டார்ச்சை வீசினேன்.

"கொன்னுட்டியேய்யா!" என்று பாய்ந்தான். முப்பத்தைந்து வருஷமாக என்னை 'நீங்க' என்றவன். சட்டையைப் பிடித்து அலமாரியில் என்னை மோதினான். பூட்டெல்லாம் தலையில் கொட்டியது. விட்டேன் ஒன்று, வாய் கிழிந்தது அவனுக்கு. அவன் திருப்பிக் குத்தியதில் என் கடைவாய்ப் பல் ஆடிப்போனது. இரண்டாவது குத்தில் கீழே விழுந்தேன். அறுபது தாண்டியும் என்னைச் சாய்க்க இரண்டு குத்து தேவைப்பட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரி குறுக்கே வந்து விழுந்தாள். "அடிச்சுச் சாவுங்கடா ரெண்டு பேரும்! ஒரே செலவாப் போகும்!"

அவன் என்னை விட்டுவிட்டுச் சம்மட்டியை எடுத்தான். எனக்குத்தான் என்று நினைத்தேன். அவன் வைசில் நின்ற பிரேமை அடித்தான். முதல் அடியில் பிரேம் நழுவி விழுந்தது. திரும்ப ஓங்கினான், அது உருண்டது. நான் எழுந்துபோய் மறுமுனையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டேன். அடித்தான். வேன்காரனைத் திட்டிக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டு, மூன்று வருஷத்தையும் சேர்த்து அடித்தான். பிரேம் நசுங்கி நாராகும் வரை பிடித்துக்கொண்டே நின்றேன். என் காலில் ஓர் அடி விழவில்லை. பஸ் ஓட்டினவன் குறி தப்பாது.

மூச்சு வாங்க உட்கார்ந்தான். ரத்தத்தைத் துப்பிவிட்டு, முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பார்த்தான். ஆடாமல் ஓடியது. ஹேண்டில்பாரையும் அதையும் மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினான். அக்காள் பின்னால் ஓடினாள். "வராத!" என்று கத்திவிட்டுத் தெருமுக்கைத் தாண்டித் தனியாகவே போனான்.

எட்டு நாள் பேச்சில்லை. ஒன்பதாம் நாள் பகலில், மெயின் ரோட்டு ஓரமாக, தோளில் ஒரு பழைய பிரேமை மாட்டிக்கொண்டு நடந்து வந்தான். எங்கேயோ தேடிப் பிடித்த இரும்புப் பிரேம். பட்டறைக்கு எதிரே வந்ததும் அதை என் கைக்கு எட்டாத பக்கத்துத் தோளுக்கு மாற்றினான்.

"இரும்புதான மாப்ள, உள்ள கொண்டா!" என்றேன்.

"கண்ணுல பாத்தீங்கள்ல? போதும்," என்று சொல்லிவிட்டு, நிற்காமல் சைக்கிள் கடைப் பக்கம் போனான்.