வெயிலில் நிற்காத முளைப்பாரி

பாக்கியலட்சுமி சூதுவாது தெரியாதவள். பிறகு யார் என்ன பேசியிருந்தாலும் சரி, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காஜா பெராங் என்ற ஊரில், கம்போங் செட்டிக் குடியிருப்புக்குப் பின்பக்கம் ஓர் அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டில் அவளும் புருஷன் சுப்பையனும் குடியிருந்தார்கள். அவன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். ஊரிலிருந்து கப்பலில் வந்தவன். அவளோ இங்கேயே பிறந்தவள், இந்தியாவைக் காலண்டர் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அக்கம்பக்கத்தில் சிலர் குடியுரிமைக்கு மனுப் போட்டார்கள், சிலர் மூட்டை கட்டினார்கள். சுப்பையன் இரண்டுமில்லாமல் ஒரு நாள் "போயிடலாம்" என்பான், மறுநாள் "இருப்போம்" என்பான். பக்கத்து ஊரான புக்கிட் காதிலில் அண்ணன் வீட்டில் பாக்கியத்தின் தாய் கண் தெரியாமல் கிடந்தாள். அவளை விட்டுவிட்டுக் கப்பல் ஏறுவதா? இந்த ஒரே பேச்சில் வீட்டில் சோறு இறங்கவில்லை.

சித்திரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டின அன்று சுப்பையன் ஒரு முடிவுக்கு வந்தான்.

"இந்த வருசம் நீ முளைப்பாரி எடுக்கிறேல்ல? எடு. கடல்ல கரைக்கிற வரைக்கும் அது நின்னுச்சுன்னா இங்கயே இருப்போம். நடுவுல சாஞ்சுச்சுன்னா ஊருக்குப் போயிடுவோம். அதுக்கப்புறம் நானும் பேசமாட்டேன், நீயும் பேசப்படாது."

"நெசமாவா சொல்றீங்க?"

"ஆத்தா மேல சத்தியம்."

பாக்கியம் குளித்து, ஈரச்சேலையோடு வாய் அகன்ற சட்டியில் வைக்கோலும் புற்றுமண்ணும் எருத்தூளும் பரப்பினாள். பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை என்று கலந்து தூவி, இருட்டான உள்ளறையில் வைத்தாள். முளைப்பாரி இருக்கிற அறைக்குள் ஆண்பிள்ளை கண் படக்கூடாது என்பது கட்டு. அன்றிலிருந்து சுப்பையனுக்கு அடுப்படியில்தான் பாய்.

மூன்று நாள் போனது. ஒரு விதைகூட வாயைத் திறக்கவில்லை. மண்ணை விரலால் கிளறினால் போட்டது போட்டபடியே கிடந்தது. கடைக்காரன் எந்தக் காலத்துப் பயறைக் கட்டிக் கொடுத்தானோ! மறுபடி விதைத்தால் நாள் போதாது. முளைப்பாரிப் பெண்களுக்குத் தலைவியான ருக்மணி எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னடி இது, ஆத்தா ஒம்மேல கோவமா இருக்காளா?"

பாக்கியம் அழுதுகொண்டே கொல்லைப்பக்கம் போனாள். வேலிக்கு அந்தப்புறம் நடராஜன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். நாலு பிள்ளைக்காரன். ஊருக்கு வெளியே ஒரு சோதனைத் தோட்டத்தில் நாற்றுக்குத் தண்ணீர் காட்டுகிற வேலை. விஷயத்தைக் கேட்டதும், மறுநாள் ஒரு சின்ன சீசாவைக் கொண்டுவந்து வேலி வழியாக நீட்டினான்.

"அக்கா, நெல்லுக்கு ஒரு காளான் சீக்கு வரும். வந்தா நாத்து கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஒசந்துக்கிட்டே போவும். அந்தக் காளான்ல வடிச்ச சாறுதான் இது. தூங்குற வெதயத் தட்டி எழுப்பிடும்னு எங்க தோட்டத்துத் தொர சொல்றாரு. ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு சொட்டு. ஒரே ஒரு தடவ."

ஒரு சொட்டு எந்த மூலைக்கு? பாக்கியம் ஒரு செம்புத் தண்ணீரிலேயே நாலு சொட்டு விட்டுத் தெளித்தாள். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் பயறெல்லாம் வெடித்து வெள்ளை வெள்ளையாய் மூக்கு நீட்டியிருந்தது. அவளுக்குக் கை நிற்குமா? தினமும் தெளித்தாள். மற்றவர்கள் சட்டியில் ஒரு சாண் இருக்கும்போது இவளுடையது முழத்தைத் தொட்டது.

நடராஜன் மட்டும் வேலிக்கு அந்தப்புறமிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான்.

"எப்படிக்கா வருது? தண்டு மொத்தமா இருக்கா, நூலாட்டம் இருக்கா?"

"ஆம்பளைக்கு எதுக்குடா அந்த விசாரணை? நல்லாத்தான் வருது, போ."

"ஒரு தடவ எட்டிப் பாத்துட்டுப் போறேனே."

"பாத்தா கண்ணு அவிஞ்சிரும், பரவாயில்லயா?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அன்றைக்கே அவன் பார்த்திருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பான். கட்டு என்று ஒன்று இருக்கும்போது அவள்தான் என்ன செய்வாள்?

ஊர்வலத்தன்று பாக்கியத்தின் சட்டியைப் பார்த்து வாய் பிளக்காதவர்கள் இல்லை. மலாய் பேசி வளர்ந்த, தமிழ் அவ்வளவாகப் பேசாத கம்போங் செட்டிப் பெண்கள்கூட வாசலுக்கு வந்து, "திங்கி பெத்துல்!" என்று கையை உயர்த்திக் காட்டினார்கள். எத்தனை உயரம் என்று அர்த்தம். கூட்டத்தில் நின்ற சுப்பையனுக்கும் முகம் மலர்ந்துதான் இருந்தது. பாவம், அவனுக்கும் உள்ளூர ஊருக்குப் போக மனசில்லையோ என்னவோ.

பத்து மணிக்குக் கிளம்ப வேண்டிய ஊர்வலம் மேளக்காரர்கள் வராமல் பன்னிரண்டுக்குத்தான் கிளம்பியது. வெயில் தார் ரோட்டை உருக்கியது. முச்சந்தி தாண்டுவதற்குள் பாக்கியத்தின் நெற்றியில் ஈரமாக ஏதோ தொட்டது. தலையில் சட்டியோடு கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள். ஒரு முளை தலைகீழாகத் தொங்கியது. பிறகு இன்னொன்று. அப்புறம் கொத்துக் கொத்தாய், கழுத்து முறிந்த மாதிரி, சட்டியின் விளிம்பைத் தாண்டி அவள் முகத்தின் மேலேயே சரிந்தன.

"தண்ணி, தண்ணி ஊத்துங்கடி!" என்று கத்தினாள் ருக்மணி.

ஊற்றினார்கள். ஒன்றும் எழவில்லை. முன்னாலும் பின்னாலும் அதே வெயிலில் சாண் உயரப் பாரிகளெல்லாம் சற்று வாடினாலும் நின்றுகொண்டுதான் இருந்தன. இறக்கி வைக்கவும் கூடாது, திரும்பிப் போகவும் கூடாது. சாய்ந்த பாரியைத் தலையில் வைத்துக்கொண்டே கடல்வரை நடந்தாள்.

அன்று மாலை புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"மருந்து ஊத்துனேங்க. அதான் சாஞ்சிருச்சு. ஆத்தா சொன்னதில்ல அது."

சுப்பையன் துண்டை உதறித் தோளில் போட்டான். "ஊத்த வச்சது யாரு? ஆத்தாதானே. சத்தியம் பண்ணிட்டேன் பாக்கியம். என்னைய ஒண்ணும் கேக்காத."

நடராஜன் வேலியோரம் வந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"தினமுமா ஊத்துனீங்க? அந்தச் சாறு வெதக்குள்ள தானாவே ஊறுமாம்க்கா. இந்தச் சாதிச் செடிக்கு இவ்வளவுன்னு தாய்ச்செடி குடுத்து விட்ட அளவு. கம்மியா ஊறுற சாதி குட்டையா நின்னு வெயிலத் தாங்கும். மேல மேல ஊத்துனா நெட்டையா ஓடும், தெம்பு இருக்காது. தோட்டத்துலயும் அப்படித்தான் ஒரு பாத்தி போச்சு."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னடா?"

"நீங்க எங்க பாக்க விட்டீங்க?"



ஆனி மாதத்துக்குக் கப்பல் சீட்டு கிடைத்தது. பாக்கியம் புக்கிட் காதிலுக்குப் போய்த் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிழவி அவள் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"எப்ப திரும்பி வருவ?"

"அடுத்த திருவிழாவுக்கு வந்துருவேம்மா."

"வருவ, வருவ," என்றாள் கிழவி. கையை எடுத்துக்கொண்டாள். "ஒங்கண்ணி கடைக்குப் போயிருக்கா. போறதுக்கு முன்னால அரிசியக் களைஞ்சு வச்சிட்டுப் போ."

பாக்கியம் எழுந்து போய் அரிசியைக் களைந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.