ஒழுகாத கிடுகு

வவுனியாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிவீட்டில், அடுத்த இரண்டு அறைகளில் ஒரு தாதி தனியாக இருந்தார். நல்ல உயரம். எந்நேரமும் தலைமயிரில் தென்னந்தும்பு ஒட்டியிருக்கும். அறைகளைக் கிராமத்து வீடாக்குவதுதான் அவருடைய ஓய்வுநேர வேலை. சுவரில் அரிசி புடைக்கிற சுளகு தொங்கியது. பல்கனியில் ஒரு துலாகூட நின்றது, கிணறுதான் இல்லை. கடைசியில் கொங்கிறீற் கூரைக்குக் கீழே தென்னோலையில் பின்னிய கிடுகும் கட்டிவிட்டார்.

வீட்டுக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

“பிள்ளை, நான் கொங்கிறீற் போட்டுத் தந்திருக்கிறன். அதுக்குக் கீழ என்னத்துக்குக் கிடுகு? கழட்டுங்கோ, இல்லாட்டி வீட்டை விடுங்கோ!”

“ஐயா, இடம்பெயர்ந்து திரிஞ்ச காலமெல்லாம் ஒழுகுற கிடுகுக்குக் கீழதான் படுத்தனான். ஒழுகாத கிடுகுக்குக் கீழ ஒருக்காப் படுத்துப் பாக்கிறன்.”

வீட்டுக்காரர் கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு, “இந்த மூலை கட்டினது சரியில்லை,” என்று கதிரையை இழுத்துப்போட்டு ஏறினார்.

மாரி தொடங்கியதும், “இப்ப நித்திரை எப்பிடி?” என்று அந்தத் தாதியிடம் கேட்டேன்.

“ஒழுக்கில்லை. ஆனா மழைச் சத்தமும் கேக்குதில்லையே,” என்றார் முகத்தைச் சுளித்து.